வீராசாமியில் உன் பாதி

கீழ்ப்பட்டு, நகரி வழி
12-11-1959

என் தம்பி முனிகிருஷ்ணனுக்கு,

அக்கா தாட்சாயணி எழுதுவது. இங்கே மழை நின்றது, சளி நிற்கவில்லை. மற்றபடி எல்லாரும் சுகம். அங்கே நீயும் உன் பெண் சுந்தரியும் அவள் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நூறு பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற வாத்தியாருக்கு அக்காவுக்கு ஒரு கார்டு எழுதக் கை வலிக்கிறது போல.

தீபாவளிக்கு வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னாய். அமெரிக்காவில் ஆட்களை அடிமையாக வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று ஒரே தேசத்துக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து, கடைசியில் சுட்டுக்கொண்டார்கள் என்று. ரயிலுக்கு நேரமாச்சு என்று பாதியில் எழுந்துவிட்டாய். எனக்குச் சண்டைக் கதை வேண்டாம். அதற்கு முந்தின வருஷங்கள்தான் வேண்டும். அப்போது எப்படிப் பேசிக்கொண்டார்கள்? அடிமை வைத்திருந்தவன் வீட்டில், வைத்துக்கொள்ளாதவன் பெண் எடுத்தானா? நம் நிலத்தை உழுகிற படியாள் வீராசாமிக்கு மாசாமாசம் நெல் அளக்கிறோமே, அது மாதிரி அங்கேயும் அளந்தார்களா?

ஊரில் எல்லைப் பேச்சுதான். ஓடைக்குத் தெற்கே மதராஸோடு சேருமாம், நாம் ஆந்திராவிலேயே. மதராஸ் வேண்டும் என்று கூட்டம் கூட்டமாகப் போய்க் கத்திய என் பிள்ளை கோவர்த்தனன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

விளக்கமாக எழுது. நான் ஐந்தாவதுதான். ஆனால் உன் கடிதத்தைப் பேரன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டேன், நானே படிப்பேன்.

அக்கா,
தாட்சாயணி


திருப்பதி
3-12-1959

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் காட்டலாமா என்று தோன்றியது. என் மாணவர்களில் ஒருவன்கூட இப்படிக் கேட்டதில்லை.

வடக்கே இருந்த மாநிலங்களில் அடிமை கிடையாது, தெற்கே உண்டு. இரண்டு பக்கமும் எண்ணிக்கையில் சமமாக இருந்தவரை சமாளித்தார்கள். புதிதாக ஒரு நிலப்பகுதி சேரும்போதெல்லாம், அது எந்தப் பக்கம் என்று சண்டை. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தார்கள், கோட்டையும் மாற்றிப் பார்த்தார்கள். கட்சி உடைந்தது, மாதா கோயில் சபைகூட இரண்டாக உடைந்தது. பெண் கொடுத்து எடுத்த வீடுகளும் உண்டு. சாப்பிடும்போது அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்களாம்.

ஒரு சட்டம் வந்தது. கோட்டைத் தாண்டி ஓடி வந்த அடிமையை, அடிமையே வைத்திராத ஊர்க்காரனும் பிடித்துக் கொடுக்க வேண்டும். சோறு போட்டு மறைத்தால் தண்டனை. எனக்கென்ன என்று இருந்தவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. படி அளந்தார்களா என்றாயே, அளந்தார்கள், துணியும் கொடுத்தார்கள். நாங்கள் நன்றாகத்தானே வைத்திருக்கிறோம் என்று சொல்லியும் கொண்டார்கள்.

சுந்தரிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. புது அரிசி எப்போது ரயிலேறும் என்று அவள் அம்மா கேட்கிறாள்.

அன்புத் தம்பி,
முனிகிருஷ்ணன்


கீழ்ப்பட்டு
20-2-1960

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அரிசி இரண்டு மூட்டை அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஊர் வீட்டுப் பெண்களிடம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா? ஏன் கேட்கிறேன் என்றால், போன வாரம் வீராசாமி பெண்டாட்டி செங்கம்மா தோட்டத்துப் பக்கம் வந்து நின்றாள். "அம்மா, ஓடைக்கு அந்தாண்ட வேற ராஜ்யமாமே. நாங்க அங்க போய்ட்டா, புடிச்சிக்கினு வர ஆள் அனுப்புவீங்களா?" என்றாள். ஓடைக்கு அந்தப் பக்கம் ரோடு போடுகிறார்கள், தினக்கூலி. போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு என்று அனுப்பிவிட்டேன்.

கோவர்த்தனனிடம் சொன்னேன். நான் சொல்லும் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெரிய பண்ணை வேதாச்சலம் வீட்டில் பண்ணைக்காரர்கள் எல்லாரும் கூடினார்களாம். மதராஸ் கட்சி, ஆந்திரா கட்சி என்று ஆறு மாசமாக முகம் பார்க்காதவர்கள் ஒரே பாயில் உட்கார்ந்தார்களாம். சித்திரை முதல் தேதி படியாட்களுக்குக் கொடுக்கிற தாம்பூலத்தை, எல்லை பிரிகிறதற்கு முன்பு பங்குனி பத்தாம் தேதியே கொடுத்துவிடுவது என்று முடிவு. கையில் வாங்கிவிட்டால் இன்னொரு வருஷம் கட்டுப்பட்டவன், யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடக் கூடாது. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் சரி என்றுவிட்டார்கள்.

இது நீ எழுதின சட்டம் மாதிரியே இருக்கிறதே, தம்பி. வீராசாமியின் அப்பன் சின்னப்பன், இவன் கல்யாணத்துக்கு நம் நைனாவிடம் நெல் கடன் வாங்கினான். சின்னப்பன் செத்தும் போனான். வீராசாமி இன்னும் உழுகிறான். தாம்பூலத் தட்டு எடுத்துக் கொடுப்பது என் கை. நிலத்தில் பாதி உன்னுடையது. என்ன செய்யட்டும், சொல்.

அக்கா


திருப்பதி
2-3-1960

அக்காவுக்கு,

இனிமேல் இதையெல்லாம் கார்டில் எழுதாதே, கவரில் எழுது. தபால்காரன் சிட்டிபாபு படித்துவிட்டு, "ஏமண்டீ மாஸ்டர்காரு, உங்க ஊர்லயும் அமெரிக்காவா?" என்கிறான்.

அதுவும் இதுவும் ஒன்றல்ல. அங்கே மனிதனைச் சந்தையில் விற்றார்கள். வீராசாமியை நாம் விற்றோமா? நம்மோடு பிறந்து வளர்ந்தவன் மாதிரி. நான் காலேஜில் படித்த நாலு வருஷமும் அவன் உழைப்பில்தான் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனி மாசம் சுந்தரி கல்யாணம். இந்த நேரத்தில் ஆள் போய்விட்டால் நிலம் தரிசாகும். இந்த ஒரு வருஷம் வழக்கம்போல் தாம்பூலம் கொடுத்துவிடு. அடுத்த வருஷம் நிதானமாக யோசிப்போம்.

உனக்கு மனசு கேட்கவில்லை என்றால் உன் பாதிக்கு உன் இஷ்டம். என் பாதிக்கு நான் சம்மதிக்கவில்லை.

முனிகிருஷ்ணன்


கீழ்ப்பட்டு
27-3-1960

தம்பிக்கு,

கவரில்தான் எழுதுகிறேன்.

பங்குனி பத்தாம் தேதி எல்லா வீட்டிலும் கொடுத்தார்கள். நம் வாசலில் வீராசாமியும் செங்கம்மாவும் வந்து நின்றார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, நாலு முழ வேட்டி. இத்தனை வருஷத்தில் அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லையே, கேட்போம் என்று, "உனக்கு இஷ்டமாடா?" என்று கேட்டேன். கேட்பதே பெரிய நியாயம் என்று நினைத்துக்கொண்டேன். அவன் தலையைக் குனிந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டான்.

பின்னாலிருந்து செங்கம்மா சொன்னாள்: "தட்டு உங்க கைல இருக்கச்சொல்லோ வேணான்னு அது எப்டிம்மா சொல்லும்? கேக்காதீங்க. எடுத்துக்கினு உள்ள போய்டுங்க."

கோவர்த்தனன், "வாய மூடு" என்று அவளை அதட்டினான். என்னையா அவளையா என்று எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெற்றிலையை நானே போட்டுக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால் இரண்டு பேரும் இல்லை. மறுநாள் காலையில் கோழியும் சட்டிபானையுமாக ஓடையைத் தாண்டினார்களாம். தாம்பூலம் வாங்காதவனைப் பிடித்து வரச் சொல்ல வேதாச்சலத்துக்கும் வாய் இல்லை.

உன் பாதி என்று எழுதியிருந்தாய். நானும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அவனுடைய வலது கை யாருக்கு, இடது கை யாருக்கு? ஏர் பிடிக்க இரண்டும் வேண்டுமே. எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கோபமென்றால் திட்டி எழுது.

அக்கா


திருப்பதி
9-4-1960

அக்காவுக்கு,

என் பாதி நிலத்தை வேதாச்சலத்துக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். கோவர்த்தனனிடம் சொல்லி வரப்பை அளந்து விடச் சொல்லவும். இனி அரிசி அனுப்ப வேண்டாம்.

முனிகிருஷ்ணன்


கீழ்ப்பட்டு
18-6-1960

தம்பிக்கு,

இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. வரப்பு அளந்தாயிற்று. கோவர்த்தனன் கூலிக்கு ஆள் வைத்து, தானும் ஏர் பிடிக்கிறான். என்னோடு பேசுகிறான், உப்பு இல்லை என்று சொல்வதற்கு மட்டும்.

சுந்தரி கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. மேலே விலாசம், உள்ளே அச்சு. உன் கையெழுத்தில் ஒரு வரி இருக்குமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அத்தையை நேரில் வந்து அழைக்காத கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்கிறான் கோவர்த்தனன்.

போன வாரம் ஓடையைத் தாண்டிப் போய் அவர்களைப் பார்த்தேன். ரோட்டோரம் ஓலைக் குடிசை. செங்கம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "இன்னா விசயம்?" என்றாள். அம்மா என்று சொல்லவில்லை. "சும்மா பாக்க வந்தேன்" என்றேன். உட்காரவும் சொல்லவில்லை. வடித்து முடிகிறவரை நின்றேன். அறுபது வயசில் ஒருத்தர் வாசலில் இப்படி நின்றது இதுதான் முதல் தடவை. கால் வலித்தது. மற்றபடி எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. கடைசியில் ஒரு பலகையை எடுத்துப் போட்டாள்.

அதனால் கல்யாணத்துக்கு வருகிறேன். முதல் நாள் சாயங்கால ரயிலுக்கு வந்து உன் வாசலில் நிற்பேன். எவ்வளவு நேரம் கழித்து, "உள்ளே வா அக்கா" என்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தாட்சாயணி