பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள்

13 ஜூன் 2025, வெள்ளி

மறுபடியும். காலையில் ஆதவன் போன மூத்திரம் கடுங்காப்பி நிறம். கண் மஞ்சள். மூன்று வயதுப் பிள்ளைக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஏப்ரலில் ஒரு முறை, மே மாதம் ஒரு முறை, இது மூன்றாவது.

கிளினிக் டாக்டர் இந்தத் தடவையும் மஞ்சள் காமாலை என்று எழுதிவிட்டு, தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். பிறந்ததிலிருந்து காய்ச்சித்தான் கொடுக்கிறேன். ஈரல் டெஸ்ட் சரியாக இருக்கிறதே, பிறகு எப்படிக் காமாலை என்று கேட்டேன். நெட்டில் பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்காதீர்கள் என்றார். நான் பார்த்தது அவர் கொடுத்த ரிப்போர்ட்டை!

14 ஜூன்

என் வீட்டுக்காரர் அறிவுச்செல்வனின் அக்கா ஜோதியம்மாள், எனக்கு அண்ணி முறை, பக்கத்து வீடு. காலையிலேயே கீழாநெல்லி அரைத்து எடுத்து வந்தார். கூடவே ஒரு கண்டுபிடிப்பும். மூன்று முறையும் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள்தான் வந்ததாம். கிரிவலம் வருகிறவர்களுக்கு முன் ஹாலில் படுக்க இடம் கொடுக்கிறோமே, அதில் யாரோ கண் வைத்துவிட்டார்களாம். அதுவும் இல்லையென்றால் பெற்றவளிடம் குறையாம்.

நான் வேங்கிக்கால் இ-சேவை மையத்தில் நாள் முழுக்க ஆதாரம் கேட்டே பிழைப்பவள். ஆதாரம் இல்லாமல் ஒரு சாதிச் சான்றிதழ்கூட கிடைக்காத ஊரில், என் மேல் குறை மட்டும் வாய்ச்சொல்லிலேயே உறுதியாகிவிடுமா? அண்ணியாக இருந்தால் என்ன, யாராக இருந்தால் என்ன. ஒப்புக்கொள்ள மாட்டேன்.

12 ஜூலை, சனி

வந்துவிட்டது. அதே மூன்றாம் நாள். ரத்த அளவு ஆறுக்கு இறங்கிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

14 ஜூலை

நேற்று ரத்தம் ஏற்றினார்கள். அந்தப் பொடிக் கையில் நரம்பு கிடைக்க நான்கு இடத்தில் குத்தினார்கள். அறிவு வெளியே போய் நின்றுகொண்டார். எனக்குப் போக வழியில்லை, கை என் மடியில்தான் இருந்தது.

இங்கே உள்ள டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். முதல் முறையாக ஒருவர் என் நோட்டை வாங்கித் தேதிகளைப் படித்தார். "இது ஈரல் கோளாறு இல்லைங்க. உள்ள ரத்தம் உடையுது. எதோ ஒண்ணு உடைக்குது" என்றார். ஒரு டெஸ்ட் இருக்கிறதாம். ஆனால் ரத்தம் உடைந்த கையோடு எடுத்தால் சரியாகக் காட்டாதாம், மூன்று மாதம் கழித்துத்தான் எடுக்க வேண்டுமாம். அதுவரைக்கும் அவன் எதைத் தின்கிறான், எதைத் தொடுகிறான், எல்லாவற்றையும் எழுதி வரச் சொன்னார்.

எழுதவா? எழுதித் தள்ளுகிறேன்.

7 ஆகஸ்ட், வியாழன்

இந்தப் பௌர்ணமிக்கு ஆதவனைத் தூக்கிக்கொண்டு செங்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். நிலா இங்கேயும்தான் வரும். வரட்டும். பௌர்ணமி, கண், மலை என்று பேசுகிறவர்கள் வாயை அடைக்காமல் விடுவதில்லை.

12 ஆகஸ்ட்

ஒன்றும் வரவில்லை. ஓடுகிறான், ஆடுகிறான், அம்மா செய்த கேழ்வரகு அடையில் இரண்டு தின்றான்.

அண்ணி போனில், "பாத்தியா, ஊரை விட்டுப் போனதும் சரியாப் பூடுச்சி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை நன்றாயிருக்கிறான், அதற்கே எரிச்சல் வருகிறதே, நான் என்ன தாய்?

ஆனால் யோசித்தேன். அதே நிலாதான் இங்கேயும் அடித்தது. அப்படியென்றால் நிலா இல்லை. அந்த நாளில், எங்கள் வீட்டில், ஏதோ இருக்கிறது.

18 ஆகஸ்ட், திங்கள்

வேலூர். பௌர்ணமிக்கு மட்டும் எங்கள் வீட்டில் நடப்பதை எல்லாம் எழுதிப்போய் வாசித்தேன். முப்பது பேர் வருவது, அண்டாவில் எலுமிச்சை சாதம், பரணிலிருந்து இரும்புப் பெட்டியை இறக்கி ஜமுக்காளமும் போர்வைகளும் எடுப்பது, அந்தக் குவியலில் ஆதவன் புகுந்து விளையாடி அதிலேயே தூங்கிவிடுவது.

டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "பெட்டியில பூச்சி வராம இருக்க என்ன போடுவீங்க?"

பாச்சை உருண்டை. அந்த வெள்ளை உருண்டை. சிலருடைய ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு சத்து கம்மியாம், அவர்களுக்கு அந்த வாடையே விஷமாம்.

போட்டது யார்? நான். அண்ணி அந்தப் பெட்டியில் வேப்பிலை காயவைத்துப் போட்டு வைத்திருந்தார். பட்டிக்காட்டு வேலை என்று மார்ச் பௌர்ணமி முடிந்ததும் வாரி வெளியே கொட்டிவிட்டு, ஒரு பாக்கெட் உருண்டையைப் பிரித்துப் போட்டது இந்தக் கைதான். அடுத்த மாதமே தொடங்கியிருக்கிறது.

19 ஆகஸ்ட்

உருண்டைகளை எல்லாம் வெளியே போட்டோம். போர்வைகளைச் சோப்புப் போட்டு அலசி அலசிக் காயவைத்தோம். கை வெந்துவிட்டது.

அண்ணியிடம் நானே போய்ச் சொன்னேன். "உங்க வேப்பிலைதான் சரி அண்ணி. தப்பு என்னுது. ஆனா கண்ணும் இல்ல, மலையும் இல்ல. இனிமே அதச் சொல்லாதீங்க." சாயங்காலம் அவரே ஒரு முறம் வேப்பிலையோடு வந்தார்.

10 செப்டம்பர், புதன்

மூன்றாம் நாளும் போய்விட்டது. வீட்டிலேயே இருந்தான், அதே போர்வையில் தூங்கினான். மூத்திரம் தண்ணீர் போல.

14 அக்டோபர், செவ்வாய்

டெஸ்ட் முடிவு வந்தது. அதேதான், ரத்தத்தில் அந்தச் சத்துக் குறைதான். உயிர் உள்ளவரை இருக்குமாம். ஆனால் ஆகாத மருந்துகளையும் இந்த உருண்டையையும் ஒதுக்கினால் எல்லாப் பிள்ளைகளையும் போல இருப்பானாம். தாய் வழியாக வருவதாம். என் அம்மா பக்கத்தில் ஆண் குழந்தை யாராவது சின்னதிலேயே தவறியதுண்டா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன்.

19 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்குச் செங்கம். அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கேட்டதைச் சொன்னேன். அடுப்பை அணைத்தாள்.

"உனக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான்" என்றாள்.

முப்பத்து மூன்று வயதில் முதன்முதலாகக் கேட்கிறேன். ஒன்பதாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சளாகிப் போய்விட்டானாம். துணியெல்லாம் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். அப்பா வீட்டுப் பெட்டியிலிருந்து, பழம்புடவை கிழித்துப் போட்டதாம். பெட்டியில் உருண்டை கிடந்ததாம், வாசனைகூட நினைவிருக்கிறதாம். அதற்குப் பிறகு அப்பாவின் அக்கா தங்கைகள் எந்தத் தொட்டில் விசேஷத்துக்கும் அம்மாவைக் கூப்பிட்டதில்லை.

அவனுக்கும் இதுதானா என்று டெஸ்ட் எடுக்க இனி வழியில்லை. ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை, அதையே சொன்னேன்.

"அப்போ நான் புள்ளைய முழுங்கினவ இல்லியாடி?"

இல்லம்மா. இல்லவே இல்ல.

அழுவாள் என்று நினைத்தேன். ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். படித்தேன். முழுக்கத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

"நாளைக்கு உன் அத்தைங்க வராங்க. அவங்க எதிர்ல இதை இன்னொரு தடவ படி" என்றாள்.