சாம்பிள் படத்துக்கு மாலை இல்லை

அண்ணாச்சி,

என் மேசைமேல் ஒரு சம்பங்கி மாலை கிடக்கிறது. உங்கள் மூத்த மகன் காலையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். "அம்மா குடுத்துவிட்டாக. நாளைக்கு அப்பாவுக்கு ஏழாம் நாள் பூசை. நீங்கதான் படத்துக்கு மாலையைப் போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வரணுமாம்." சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பங்கி வாசனை எனக்கு ஆகவே ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் ஆகாது என்பதும் தெரியும்.

கடற்கரைச் சாலையில் வீட்டு முன்னறையில் நான் உருவப்படக் கடை போட்ட புதிதில் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதிலும் பொம்பளை, இவள் என்னத்தை வரைந்து கிழிக்கப் போகிறாள் என்று ஊருக்கு நினைப்பு. வந்த ஒன்றிரண்டு பேரும் செத்துப்போனவர்களின் சின்னப் போட்டோவைக் கொண்டுவந்து, பெரிதாக வரையச் சொன்னவர்கள்தான். சட்டம் போட்ட படம் என்றாலே இந்த ஊரில் அது மாலையோடு சுவரில் தொங்குகிறவர் படம். உயிரோடு இருக்கிறவர்களும் வந்தால்தான் எனக்குத் தொழில் நிற்கும். அதற்கு வாசலில் வைக்க ஒரு சாம்பிள் வேண்டும். ஊருக்கே தெரிந்த முகமாக இருந்தால்தானே, ஒத்திருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவனுக்குப் புரியும்?

அப்படித்தான் உங்களைப் பிடித்தேன். கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகிற தோணியின் தண்டல், அதன் தலைவர். தோணி கரையில் கிடக்கிற நாளெல்லாம் எதிர் டீக்கடையில் நின்று, துறைமுகம் வரை கேட்கிற மாதிரி பேசுவீர்கள். இடது புருவத்தில் வெட்டு, மூக்கோரம் மிளகளவு மச்சம். வரையட்டுமா என்று கேட்டேனோ இல்லையோ, "எம் மூஞ்சியை ஓசியில யாரு வரைவா? வரஞ்சுக்கோ தங்கச்சி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். கறுப்புப் பொடியும் தூரிகையுமாக நாலு நாள் வேலை. படத்தை வாசலில் வைத்த அன்று நீங்களே அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஏலம் போடுகிறவர் மாதிரி கத்தினீர்கள். "ஏலே, படத்தைப் பாரு, ஆளைப் பாரு! எது நெசம்னு சொல்லு பாப்போம்!"

கூட்டம் கூடிவிட்டது. "உசுரோட இருக்கவனுக்கு எதுக்குவே சட்டம் போட்ட படம்?" என்று ஒருவர் கேட்டார். "செத்தப்புறம் நான் பாக்க முடியுமாவே?" என்றீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அடுத்த வாரம் ஓடு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டீர்கள். மறுநாளே கூரைகளைப் பிய்த்தெறிகிற காற்று. நாலு நாள் கழித்துக் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. தோணி வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு என் வாசலைக் கடந்தவர்கள் முதலில் படத்தைப் பார்த்தார்கள், அடுத்து என்னைப் பார்த்தார்கள். "இவ வரைஞ்சா, அவரு ஆயுசு முடிஞ்சு போச்சு" என்று டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். வரையக் கொடுத்திருந்த இரண்டு பேர் போட்டோவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். "அந்தச் சனியனை எடுத்து உள்ள வையி" என்று என் மாமியார் அதட்டினார். உங்களிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நான்தான் உங்களைக் கொன்றுவிட்டேனோ என்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

எடுத்துவிடலாம் என்று படத்தில் கை வைத்த நேரத்தில்தான் உங்கள் வீட்டுக்காரி ரோசம்மா மதினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எடுக்காத தங்கச்சி! நீ உள்ள வச்சா, அவுக போயிட்டாகன்னு ஊரே முடிவு கட்டிரும். அவுக இங்கனயே நிக்கட்டும்."

அன்றிலிருந்து காலையில் அந்தப் படத்தை வெளியே வைப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. மதினி மாதா கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் தெருவின் அந்தப் பக்கம் நிற்பார். படத்தில் மாலை இல்லை என்று பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

நீங்கள் கடலுக்குப் போன பதினோராம் நாள், மதினியின் அண்ணன் நாலு பேரோடு வந்தார். கையில் சம்பங்கி மாலை.

"கோயில்ல பூசை வைக்கப் போறோம். மச்சானுக்கு வேற போட்டோ கிடையாது. படத்தை எடு."

"தர மாட்டேன்."

"ஏளா, நீ வரைஞ்ச நேரம் எந் தங்கச்சி இப்படி நிக்கா. இன்னும் உனக்கு என்ன வியாபாரம்?"

மாலையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு படத்தை நோக்கி வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருந்தது? வாயில் வந்தது இதுதான்: "இது சாம்பிள் படம். மாலை போட்டா எந் தொழிலு கெட்டுப் போகும். போட்டே ஆகணும்னா முதல்ல எங் கழுத்துல போடுங்க!"

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று மாலையை என் காலடியில் எறிந்துவிட்டுப் போனார். தெருவே வேடிக்கை பார்த்தது. அதைக் குனிந்து எடுக்காமல் படத்தின் பக்கத்திலேயே நின்றேன். பொழுது சாயும்வரை அந்த வாசனை அறையை விட்டுப் போகவில்லை.

பதினாலாம் நாள் மத்தியானம் வேம்பார் பஸ் வந்து நின்றது. தாடியும் ஒட்டிய கன்னமுமாக ஒருவர் இறங்கி நேரே வந்து படத்துக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு யாரென்று தெரியவில்லை. புருவ வெட்டைப் பார்த்த பிறகுதான் கையிலிருந்த தூரிகை விழுந்தது. பாய்மரம் முறிந்து, கடலில் கிடந்து அலைந்து, ஒரு தீவில் ஒதுங்கி, வேம்பார் மீன்காரர்கள் உங்கள் எல்லாரையும் கரை சேர்த்த கதையெல்லாம் அப்புறம் கேட்டது. நீங்கள் படத்தை ஒருதரம் பார்த்தீர்கள். அதன் கண்ணாடியில் தெரிந்த உங்களை ஒருதரம் பார்த்தீர்கள்.

"என்ன தங்கச்சி, படம் ஒத்துவரலியே?"

ஓவென்று அழுதுவிட்டேன். அழுகையோடேயே, "படத்துல குத்தம் இல்ல அண்ணாச்சி. ஆளைத் திருத்துங்க" என்றேன்.

அப்புறம் தொழிலுக்கு என்ன குறைச்சல்? கடலுக்குப் போகிறவனெல்லாம் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். "இந்தம்மா வரைஞ்சா கடலு திருப்பிக் குடுத்துரும்" என்று அதே டீக்கடை வாய்தான் சொன்னது. அந்தப் பேச்சும் எனக்குப் பயம்தான். ஒவ்வொரு தோணியும் திரும்பும்வரை நான் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை.

படத்தை மட்டும் மதினி வீட்டுக்குள் விடவே இல்லை. "ஆளு வீட்டுல இருக்கையில படம் எதுக்கு? அங்கனயே நிக்கட்டும்." முப்பது வருஷத்துக்கு மேல் என் வாசலில் நின்றீர்கள். தலை நரைத்து, பல் போய், தடியூன்றி நடந்த காலத்திலும் கடையைத் தாண்டும்போது "ஒத்துவரலியே" என்பீர்கள். நானும் அதே பதிலைச் சொல்வேன்.

போன வாரம் உங்கள் கட்டிலிலேயே, மதினி பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போய்விட்டீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை அண்ணாச்சி.

படத்தைத் துடைத்துவிட்டேன். இப்போது உங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறேன். மாலையைப் பையில் தனியாக வைத்திருக்கிறேன். மதினி சொன்னபடி நானே போடுகிறேன், ஆனால் அவர் பக்கத்தில் நிற்கும்போது, உங்கள் வீட்டில் வைத்து. இந்த வாசலில் நீங்கள் ஒருநாளும் மாலையோடு நின்றதில்லை. போகிற வழியில் யாராவது நிறுத்தி, படத்தை எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டால், சாம்பிள் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிடுவேன்.