மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கையெழுத்து

15 செப்டம்பர், திங்கள்

தக்காளிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டேன். இந்த வருஷம் எல்லாம் கறுத்துப்போய்விட்டன. ரொட்டிக் கடைக் கண்ணாடியில் புதிதாக ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த திங்களிலிருந்து மூன்று வாரம், மிரேய் துவெனோ கொலை வழக்கு, தொலைக்காட்சித் தொடராக! பஞ்சாலைக்குப் போன பத்தொன்பது வயதுப் பெண் கால்வாயில் பிணமாகக் கிடந்து முப்பத்தொன்பது வருஷம் ஆகிறது.

கடைக்காரி ஜோசியானுக்கு ஒரே குஷி. "ஒதெத், நீங்க அப்ப கோர்ட்லதான இருந்தீங்க? உங்க வேஷத்துல எந்த நடிகை வர்றா?"

"மூலையில உக்காந்து டைப் அடிச்சவளுக்கு என்னடி வேஷம்?" என்றேன். குடையை அங்கேயே மறந்துவிட்டு நனைந்துகொண்டு வந்தேன்.

19 செப்டம்பர், வெள்ளி

சந்தையில் இவோன் துவெனோ. மிரேயின் அம்மா. எண்பத்து நான்கு வயதிலும் முதுகு நேராகத்தான் இருக்கிறது. பாலாடைக்கட்டிக் கடையில் நின்றாள். நான் மீன்காரர் பக்கம் ஒதுங்கிவிட்டேன். எனக்கு மீன் பிடிக்காது. ஆனாலும் இத்தனை வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் மீன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

22 செப்டம்பர், திங்கள்

முதல் பாகம் பார்த்தேன். விசாரணை நீதிபதி ஓபெர்தானாக வருகிறவன் பட்டுத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் தலை வாருகிறான். ஓபெர்தானிடம் இருந்தது அவர் அம்மா பின்னிக் கொடுத்த ஒரு பழுப்புக் கம்பளித்துணிதான். அதுவும் ஓட்டை.

நானும் வருகிறேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் மூலையில் தட்டச்சு செய்கிறாள். வசனமே கிடையாது. நான் கண்ணாடி போட்டது ஐம்பது வயதில்.

23 செப்டம்பர்

"அந்த ஜட்ஜுக்கு டிவில மூஞ்சி காட்றதுலயே குறி. அதான் கொலைகாரன் தப்பிச்சான்" என்று ஜோசியான் தீர்ப்பே சொல்லிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என் வாய்க்குத்தான் அன்றே மூடி கிடைத்துவிட்டது.

29 செப்டம்பர், திங்கள்

இன்று அந்தக் காட்சி வந்தது. கையெழுத்து நிபுணர் பாரிஸிலிருந்து வருகிறார். வாசலில் பத்து கேமராக்கள். ஓபெர்தான் அவர்களிடம் பேச ஓடுகிறான், சத்தியம் வாங்க மறக்கிறான்.

பொய். அன்று ஒரு கேமராகூட இல்லை. மணி பன்னிரண்டு அடித்தது, அவ்வளவுதான்.

எழுதிவிடுகிறேன். எங்கேயாவது ஒரு தடவையாவது எழுத வேண்டும்.

அந்த நிபுணர் நீதிமன்றத்தின் நிபுணர் பட்டியலில் இல்லாதவர். அப்படிப்பட்டவர் வேலையைத் தொடங்கும் முன்பே நீதிபதி எதிரில் சத்தியம் செய்து தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அவர் அறிக்கை செல்லாது. அந்தத் தாளைத் தயார் செய்வது, கையெழுத்து வாங்குவது, கோப்பில் வைப்பது எல்லாம் எழுத்தரான என் வேலை. தயார் செய்தேன். நீட்டினேன். பேனாவையும் கொடுத்தேன். மணி அடித்தது. "சாப்ட்டு வந்து போடறேன், சூப் ஆறிடும்" என்றார் அவர். எங்கள் ஊரில் பன்னிரண்டுக்கு மேல் யார் பேனாவைப் பிடிக்கிறார்கள்? மூவரும் சாப்பிடப் போனோம். திரும்பி வந்ததும் அவர் நேராக கொலைகாரன் எழுதியதாக நாங்கள் நம்பிய மொட்டைக் கடிதத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்க உட்கார்ந்துவிட்டார். நான் தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிட்டேன்.

கடிதம் எழுதியது மிரேயின் அக்காள் புருஷன் ரெமோன் கோல்னோ என்று மூன்றே நாளில் அறிக்கை. அவனுக்கு எதிராக எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். நிபுணர் ரயிலேறிவிட்டார். அப்புறம்தான் கையெழுத்தில்லாத சத்தியத் தாளைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ஓபெர்தான் கேட்டார்: "சத்தியத் தாள் கோப்புல இருக்குல்ல?"

"இருக்கு, ஐயா."

அவர் நம்பினார். அன்று சொல்லியிருந்தால் நிபுணரைத் திரும்ப வரவழைத்து, சத்தியம் வாங்கி, முதலிலிருந்து செய்திருக்கலாம். ஒரு வாரம் போயிருக்கும், அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை? வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பயம். வெறும் பயம். தபாலில் அனுப்பிக் கையெழுத்து வாங்கினேன். அந்த மனிதர் நேர்மையாக அன்றைய தேதியைப் போட்டு அனுப்பினார், அறிக்கைக்கு ஒன்பது நாள் பிந்திய தேதி. யாரிடமும் காட்டாமல் கோப்பில் செருகினேன். கோல்னோவின் வக்கீலுக்கு அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அறிக்கை ரத்து. கோல்னோ வெளியே வந்தான். தன் படுக்கையில், வயதாகிச் செத்தான்.

மேலிடம் விசாரித்தபோது ஓபெர்தான், "சரிபார்க்காதது என் தவறு" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. எங்கோ மாற்றினார்கள், குடித்தார், போய்ச் சேர்ந்தார். கிளம்பிய அன்று எனக்குக் கை கொடுத்தார். தெரிந்துதான் கொடுத்தார்.

30 செப்டம்பர்

சமையலறையில் நாள் முழுக்கத் தட்டச்சுச் சத்தம். அந்த இயந்திரம் குப்பைக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது.

8 அக்டோபர், புதன்

தொடர் முடிந்துவிட்டது. இன்று பத்திரிகையில் ஓபெர்தானின் மகள் அன்யெஸ் எழுதியிருக்கிறாள்: "என் அப்பா கேமராவுக்குப் பல்லிளித்தவர் அல்ல. அன்று அந்த அறையில் இருந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்."

அறையில் இருந்தது மூன்று பேர். இரண்டு பேர் செத்துவிட்டார்கள்.

11 அக்டோபர், சனி

நீதிபதியின் மகளுக்கு எழுதும் முன் மிரேயின் தாயிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இவோன் வீட்டு மணியை அடித்தேன். உள்ளே விட்டாள். காப்பி வைத்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அவள் கேட்டாள்: "அன்னிக்கு என்ன சாப்பாடு?"

"பன்றி வறுவல். உலர்ந்த பிளம்ஸ் போட்டது."

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "இருந்துச்சு."

"இத்தன வருஷமா அந்த ஜட்ஜத் திட்டாம நான் படுத்ததில்ல. அவர் செத்த செய்தி வந்தப்ப, நல்லா வேணும்னு சொன்னேன். என் வாயால சொன்னேன். இப்ப அத எங்க கொண்டுபோய்க் கொட்டறது?" மேசையில் ஓங்கித் தட்டினாள். "நீ எதுக்குடி இப்ப வந்த? நான் போய்ச் சேர்ந்தப்புறம் வந்திருக்கக் கூடாதா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அத இங்க வைக்காத. அவர் பொண்ணுகிட்ட சொல்லு. ஊருக்குச் சொல்லு. பேப்பர்ல வரட்டும்."

காப்பியைக் குடிக்கச் சொல்லவில்லை. குடிக்காமலே வந்தேன்.

14 அக்டோபர்

அன்யெஸுக்கும் பத்திரிகைக்கும் ஒரே கடிதம். கையெழுத்து, இன்றைய தேதி. தபாலில் போட்டேன்.

22 அக்டோபர், புதன்

போட்டுவிட்டார்கள், முழுப் பெயரோடு. ரொட்டிக் கடையில் "வணக்கம்" என்றேன். ஜோசியான் எனக்குப் பின்னால் நின்றவருக்கு வணக்கம் சொன்னாள். ரொட்டி மட்டும் கைக்கு வந்தது.

வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் வீட்டில் அந்தச் சத்தம் நின்றிருக்கிறது. அதைச் சந்தோஷம் என்று எழுத எனக்கு உரிமையில்லை.

29 அக்டோபர்

அன்யெஸிடமிருந்து பதில் இல்லை. வராது போலிருக்கிறது.

1 நவம்பர், சனி, சகல புனிதர்கள் திருநாள்

காலை எட்டு மணிக்குத் தொலைபேசி. பெயர்கூடச் சொல்லாமல், "உன்கிட்ட கார் இருக்குல்ல? எடுத்துட்டு வா" என்றது குரல். இவோன்.

கல்லறையில் வைக்கும் இரண்டு சாமந்தித் தொட்டிகளோடு வாசலில் நின்றாள். முதலில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம். மிரேயிடம் ஒன்றை வைத்துவிட்டு வந்தாள். இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். "ஜட்ஜ் எந்த ஊர்ல இருக்காரு, தெரியுமா?"

தெரியும். நான்தான் ஒரு தடவைகூடப் போனதில்லை.

ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினேன். அந்த ஊர்க் கல்லறைத் தோட்ட வாசலில் இறங்கியதும் தொட்டியை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"நீ இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுத் தொட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே நின்றேன். மழை தூறியது. பெயர்களைப் படித்துக்கொண்டே வரிசை வரிசையாக அவள் நடப்பது இரும்புக் கதவின் இடுக்கில் தெரிந்தது. ஓரிடத்தில் நின்று, மெல்லக் குனிந்தாள்.