கொன்ச்சிங்குக்கு ஒரு நெபுலைசர்

அக்டோபர் 9, புதன்
இன்று பழுது பார்த்தவை: மூன்று மின்விசிறி, ஒரு ரைஸ் குக்கர். குக்கருக்குள் கரப்பான் குடும்பமே குடியிருந்தது.

மதியம் என் மனைவி கொன்ச்சிங்கை டாக்டரிடம் கூட்டிப் போனேன். இஸ்திரி போட்டு முடித்ததும் நெஞ்சில் விசில் அடிக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லி வருகிறேன். "அது விசில் இல்ல எஃப்ரென், எனக்கு ரெண்டாவது குரல் வருது" என்று மழுப்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்துமாவாம். அமுக்கி உறிஞ்சும் மருந்தைக் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். அமுக்கும்போது சரியாக மூச்சை வெளியே விட்டாள், மூன்று தடவையும். "வீட்டுக்கு ஒரு நெபுலைசர் வாங்கிடுங்க, மருந்து தினமும் ரெண்டு வேளை" என்றார் டாக்டர் அம்மா.

அங்கே மேஜையிலேயே ஒன்று இருந்தது, மருந்தைப் புகையாக்கி மூச்சில் தரும் இயந்திரம். டாக்டர் அவளிடம் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் "சரிங்க, சரிங்க" என்றாள். நான் இயந்திரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் நாலே திருகு.

அக்டோபர் 11, வெள்ளி
வாங்கும்வரை பக்கத்து வீட்டு தாசிங் அக்காவிடம் இரவல். அவருடைய நெபுலைசர் ஏறி இறங்காத வீடு இந்தத் தெருவில் இல்லை. "குடுக்கறேன். ஆனா கழட்டக் கூடாது" என்றார். "கழட்டுவேனா அக்கா?" என்றேன்.

கழற்றினேன். உள்ளே ஒரு குட்டி காற்று பம்ப், அவ்வளவுதான். காற்று வடிகட்டும் பஞ்சு கரியாக இருந்தது, மாற்றினேன். குழாயும் முகமூடியும் கொன்ச்சிங்குக்குப் புதிதாக வாங்கினேன்.

எனக்குப் புரியாதது ஒன்று: சூடே இல்லாமல் புகை எப்படி வருகிறது? ஊசித்துளை வழியாகப் பாயும் காற்று மருந்தை மேலே இழுக்கிறது, மருந்து ஒரு மூடியில் மோதிச் சிதறுகிறது. தூள் தூளாக, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. எவன் கண்டுபிடித்தானோ, அவன் கையை ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 13, ஞாயிறு
நெபுலைசரைப் போட்டதுமே, "முதல்ல இந்த லாரியை நிறுத்து" என்றாள் கொன்ச்சிங். சத்தம் உண்மைதான், எங்கள் சுவரும் ஒட்டுப்பலகை. எதிர்வீடு ஒனோஃப்ரே மாஸ்டருடையது. கோயில் பாடகர் குழு அவர் கையில்.

"நெஞ்சு சரியில்லன்னு தெரிஞ்சா டிசம்பருக்கு என்னைத் தூக்கிடுவாரு."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது விடியல் பூசைகளிலும் தனிக்குரல் பாடுவது இவள்தான். பதினெட்டு வருஷமாக. நானும் பதினெட்டு வருஷமாகப் போய், காலால் மிதிக்கும் அந்தப் பழைய ஆர்கனின் துருத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதில் எங்கோ காற்று ஒழுகுகிறது.

"வருஷம் பூரா ஊரான் சட்டையைத் தேய்க்கிறேன் எஃப்ரென். அந்த ஒன்பது நாள்தான் என்னோடது."

சத்தமில்லாததாக ஒன்று வாங்க வேண்டும்.

அக்டோபர் 19, சனி
நாலு கடை ஏறினேன். மூன்று வகை இருக்கிறது. தாசிங் அக்காவுடையது போல் பம்ப் வைத்தது: உழைக்கும், ஆனால் கத்தும். அடுத்தது அதிர்வலையால் மருந்தைக் குலுக்குவது, சத்தம் குறைவு. "உங்க சீட்டுல இருக்கிற மருந்து கலங்கலா இருக்கும், அதுக்கு இது ஒத்துவராது" என்று கடைப்பெண்ணே சொல்லிவிட்டாள். நல்ல பெண். மூன்றாவது உள்ளங்கையில் அடங்குவது. ஆயிரக்கணக்கான துளைகள் உள்ள மெல்லிய தகடு துடித்துத் துடித்து மருந்தைச் சலிக்கிறது. மாவு சலிப்பது மாதிரி. பேட்டரியிலும் ஓடும்; மின்தடைக்குப் பயமில்லை.

ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். "அண்ணே, வாங்கப் போறீங்களா, பரீட்சை எழுதப் போறீங்களா?" என்றாள்.

டாக்டருக்கு போன் போட்டு அந்த மாடலைச் சொன்னேன். இந்த மருந்துக்குச் சரிப்படும் என்றார். வாங்கினேன். இயந்திரத்தோடு வந்த கையேட்டை நாலு முறை படித்தாகிவிட்டது. மருந்துப் பெட்டியிலும் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது. அதை இழுப்பறையில் போட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு
சத்தமே இல்லை. காதை ஒட்டி வைத்தால் ஒரு கொசு, அதுவும் பக்கத்து வீட்டுக் கொசு.

நவம்பர் 3, ஞாயிறு
விசில் போய்விட்டது. நேற்று கல்லறைத் திருவிழாவுக்கு மேட்டில் நிற்காமல் ஏறினாள். என் மாமியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பேசிக்கொண்டே நடந்தாள்.

மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கூடையில் உள்ளதைத் தேய்த்து முடித்ததும் அதே முக்காலியில் உட்கார்ந்து முகமூடியை மாட்டிக்கொள்கிறாள். எனக்குப் பெருமையாக இருக்கிறது. சரியானதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்
குரல் கம்முகிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. "வெங்காயம் தாளிச்ச புகை" என்கிறாள். நாங்கள் மூன்று நாளாகக் கருவாடும் சோறும்தான் சாப்பிடுகிறோம். எந்த வெங்காயம்?

நவம்பர் 18, திங்கள்
இயந்திரமாகத்தான் இருக்க வேண்டும். தகட்டின் துளை அடைத்ததா? துளி பெரிதாகி, நெஞ்சுக்குப் போகாமல் தொண்டையிலேயே விழுகிறதா? கையேட்டில் சொன்னபடி கழுவினேன், உலர்த்தினேன். கண்ணாடித் துண்டில் மூடுபனியைப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரே சீராக இருக்கிறது. பிறகு என்ன?

நவம்பர் 22, வெள்ளி
மாஸ்டர் தனிக்குரலை ஃபெலியிடம் கொடுத்துவிட்டார். வங்கியில் வேலை பார்க்கும் பெண், இந்த வருஷம்தான் குழுவில் சேர்ந்தாள். கோபமாகச் சொல்லவில்லையாம். "இந்த வருஷம் ஓய்வெடுங்க கொன்ச்சிங் அக்கா" என்றாராம்.

வந்து இஸ்திரியை எடுத்தாள். ஒரு காலரைக் கருக்கிவிட்டாள். இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

நவம்பர் 23, சனி
பழையபடி தாசிங் அக்காவின் லாரி. இனி எதிர்வீட்டுக்குக் கேட்டால் என்ன, போனது போய்விட்டதே.

எந்த மெஷினை வச்சுத் தொலைக்கிறது? நான்தானே வாங்கினேன் — நாலு கடை ஏறி, படிச்சுப் படிச்சு — அவ வாயில மாட்டிவிட்டதே நான்தானே?

நவம்பர் 27, புதன்
லாரியிலும் அதே கம்மல். டாக்டரிடம் போனோம். இரண்டு இயந்திரங்களையும் பையில் கொண்டு போனேன். டாக்டர் அம்மா பையைத் திறக்கவே இல்லை. கொன்ச்சிங்கின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்தார். உள்ளே தயிர் ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக.

"ஒவ்வொரு தடவையும் மருந்து எடுத்ததும் வாய் கொப்பளிக்கிறீங்களா? அன்னிக்கே சொன்னேனே."

"இல்லீங்க" என்றாள் கொன்ச்சிங்.

வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும் மருந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறதாம். அதற்குச் சொட்டு மருந்து கொடுத்தார். ஜீப்னி வண்டியில் வரும்போது கேட்டேன், ஏன் கொப்பளிக்கவில்லை என்று.

"இஸ்திரி போட்டு உடம்பு பூரா சூடு. உடனே பச்சைத் தண்ணிய வாயில ஊத்தினா பாஸ்மா வந்துடாதா? எங்கம்மா கை எப்படி நடுங்குச்சுன்னு நீதான் பாத்தியே."

அந்த நடுக்க நோய்க்குப் பயந்து இஸ்திரிக்காரிகள் வேலை முடித்துச் சில மணி நேரத்துக்குத் தண்ணீரைத் தொடமாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா? இவள் கை கழுவாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வதைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்து, பாஸ்மாவாவது பேயாவது என்று கிண்டலும் அடிக்கிறவன் நான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ எங்க கேட்ட? மெஷினைத்தானே கேட்டுக்கிட்டிருந்த."

வீட்டுக்கு வந்து இழுப்பறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். கொப்பளிக்கச் சொல்லித் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்
ஏற்பாடு: காலையில் இஸ்திரியைச் சூடேற்றுவதற்கு முன் ஒரு தடவை. வேலை முடிந்து, சாப்பிட்டு, உடம்பு ஆறிய பிறகு இன்னொரு தடவை. கொப்பளிக்க வெதுவெதுப்பான தண்ணீர். நான் கிண்டல் அடிப்பதில்லை. அவள் ஒப்புக்கொண்டாள்.

டிசம்பர் 8, ஞாயிறு
வெள்ளை போய்விட்டது. கம்மல் இன்னும் பாதி இருக்கிறது.

டிசம்பர் 16, திங்கள்
முதல் விடியல் பூசை. ஃபெலி நன்றாகப் பாடினாள், பொய் சொல்லக் கூடாது. கொன்ச்சிங் பின்வரிசையில். வெளியே சுடச்சுட பிபிங்கா வாங்கிக் கொடுத்தேன். அரிசிப் பணியாரம் என்றால் உயிரை விடுவாள், இன்று பாதியை எனக்கே தந்துவிட்டாள்.

டிசம்பர் 21, சனி
சமையலறையில் கொப்பளிக்கும் சத்தம். கவனித்துக் கேட்டால் — ராகத்தோடு கொப்பளிக்கிறாள்.

டிசம்பர் 23, திங்கள்
மாஸ்டர் வாசலுக்கு வந்து, "கொப்பளிக்கிறது எங்க வீடு வரைக்கும் கேக்குது" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சுருதி சுத்தமா இருக்கு. நாளைக்கு ரெண்டாவது சரணம் அக்கா பாடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிசம்பர் 24, செவ்வாய்
ஒன்பதாவது பூசை. கொன்ச்சிங் முன்னால் வந்து நின்றாள். குரல் பழைய உயரத்துக்குப் போகவில்லை. உச்சியில் ஃபெலி சேர்ந்துகொண்டாள், இவள் விட்டுக்கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

வெளியே வந்ததும், "ஆர்கன்ல காத்து எங்க ஒழுகுதுன்னு இந்த வருஷமாவது கண்டுபிடிச்சியா?" என்று கேட்டாள்.

ஆர்கனைப் பார்க்கவே இல்லை என்றேன்.