நாற்பத்தொன்றாம் டியூப்

அக்கா,

பிரீசர் அறைக் கதவில் இன்று காலை ஒரு புதுத் தாள் ஒட்டியிருந்தார்கள். நான் முதலில் கவனித்தது அதன் ஓரத்தில் எட்டிப் பார்த்த உங்கள் நீல மையைத்தான். கதவை அழுத்திச் சாத்தும்படி நீங்கள் எழுதி ஒட்டியிருந்தீர்களே, அதைக் கிழிக்கக்கூட மெனக்கெடாமல் அதன் மேலேயே ஒட்டிவிட்டார்கள்.

புதுத் தாள் நம் ஆய்வகத் தலைவர் டாக்டரின் பட்டியல். புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுக்களைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரைகள், பொடி எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க. ஒவ்வொரு வரியிலும் அவர் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. இல்லாவிட்டால் தன்னையே தேடிக் கண்டுபிடிக்க மாட்டார் போல. கட்டிகளை அரைத்து, மரபணுவைப் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி வைத்த உங்கள் பெயர் எங்கேயும் இல்லை.

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுக் குடுவை கழுவ வந்த என்னிடம் இங்கே யாரும் பேசியதில்லை. நானும் வாய் திறந்ததில்லை. இருவருக்கும் வீடு பாகான் டாலாமில் என்பதால் வேலைக்கு வரும் ஃபெர்ரிப் படகில் நீங்கள்தான் பேச்சுக் கொடுத்தீர்கள். ஒருநாள் கேட்டேன்: "ஒங்க பேர ஏன் போட மாட்டேங்கிறாரு?"

"கடைசியில நன்றின்னு போட்டிருக்காரு லா. ஒனக்குக் கண்ணு சரியில்ல, ஸ்பெக் மாட்டிப் பாரு."

நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்திரிகைக்காரர்கள் வந்த நாள் நினைவிருக்கிறதா? டாக்டர் உங்கள் வெள்ளைக் கோட்டை வாங்கி மாட்டினார், கை முழங்கை வரைதான் வந்தது. படத்துக்காகத் தட்டிலிருந்து இரண்டு டியூபுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்று ஒரு பெண்ணின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்தது, மற்றது அதே பெண்ணின் இரத்தத்திலிருந்து. அந்தச் சின்ன டியூபுகளில் எழுத இடமில்லை, தட்டில் இருக்கும் குழியின் எண்தான் அடையாளம். அது கூடத் தெரியாத மனிதர் நாற்பத்தொன்றை நாற்பத்திரண்டின் குழியிலும் நாற்பத்திரண்டை நாற்பத்தொன்றின் குழியிலும் செருகிவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.

இரண்டையும் மறுபடி சோதித்து, அதனதன் குழியில் வைத்தீர்கள். நோட்டின் ஓரத்தில் தமிழில் நடந்ததை எழுதினீர்கள்.

"அவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாதும்மா. பெரிய மனுஷன், தெரிஞ்சா வெக்கப்படுவாரு."

அவர் வெட்கப்பட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் தப்பை நீங்கள் மூடி வைத்தீர்களே, உங்களிடம் எனக்குப் பிடிக்காதது அந்த ஒன்றுதான், அக்கா.

நீங்கள் மாரடைப்பில் போய் நான்கு மாதமாகிறது. அஞ்சலிக் கூட்டத்திலும் அவர் தன் கட்டுரைகளைப் பற்றித்தான் பேசினார். இன்று மதியம் என்னைக் கூப்பிட்டார். மேசையில் உங்கள் நோட்டு. புதுக் கட்டுரையை அனுப்பிய ஆய்விதழிலிருந்து கேள்வி வந்திருக்கிறதாம்: அந்த இரண்டு மாதிரிகளை மட்டும் ஏன் இரண்டு முறை சோதித்தீர்கள்? காரணத்தை நோட்டின் பக்கத்தோடு அனுப்ப வேண்டும்.

"நீ தமிழ் ஸ்கூல்தானே? இத படி."

படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா."

"டாக்டர் போட்டோவுக்கு நின்றபோது 41, 42 இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டார். மறுபடி சோதித்துச் சரிசெய்தேன்."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"கீழ மலாய்ல எழுது. டெக்னீஷியன் மிஸ்டேக்னு போடு. அவங்கதான் இல்லையே, யாருக்கு என்ன ஆகப்போகுது?"

இந்த ஆளையா நீங்கள் வெட்கத்திலிருந்து காப்பாற்றினீர்கள்? நீங்கள் செய்யாத தப்பு உங்கள் தலையில் ஏற இன்னும் ஒரு வரிதான் பாக்கி.

அவருக்குப் போன் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, வரப்போகும் கட்டுரையைப் பற்றி யாரிடமோ பெருமை பேச ஆரம்பித்தார்.

நீங்கள் எழுதியதை எழுதியபடியே மலாயில் எழுதினேன். 'டாக்டர்' என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயரைப் போட்டேன். எழுதி வைத்தவர் என்று உங்கள் பெயர், மொழிபெயர்த்தவர் என்று என் பெயர். அவர் திரும்புவதற்குள் நோட்டை எடுத்துக்கொண்டு போய், ஆய்விதழுக்குப் பதில் அனுப்பும் ஆபீஸ் ஃபாராவின் கையில் கொடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.