ஏலப் பட்டியலில் செத்துப்போன அப்பா

26 செப்டம்பர் 2025, வெள்ளி

சிதம்பரத்திலிருந்து வரும் பஸ்ஸில் இன்றைக்கும் புதுச்சத்திரம் வரை நின்றுகொண்டுதான் வந்தேன். கல்லூரி நூலகத்தில் பகல் முழுக்க நிற்கிறேன், பஸ்ஸிலும் நிற்க வேண்டுமாம். குடிகாடு ஸ்டாப்பில் இறங்கினால் சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து அழுகிய பழ வாடை.

அப்பா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயதில் ஓட்டுவதில்லை, ஆயுத பூஜைக்குத் தயார் செய்கிறாராம். நான் கட்டிலடியைக் கூட்டி முடித்தேன். அவருடைய துருப்பிடித்த ராணுவப் பெட்டியை ஜனவரியில் போகிக்குத் தூக்கிப் போட்டதிலிருந்துதான் துடைப்பம் அங்கே நுழைகிறது. நான் செய்த ஒரே உருப்படியான வேலை.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் ஆயிற்று. சைக்கிள், டார்ச், அவருடைய பழைய செக்யூரிட்டி விசில், என் தையல் மெஷின். மெடலைக் கேட்டேன், 1971 போரில் ஆற்றில் இறங்கி மூன்று பேரைக் காப்பாற்றியதற்கு அவருக்குக் கொடுத்தது. வருடா வருடம் அவர்தான் எடுத்துக் கொடுப்பார், நான்தான் சந்தனமும் குங்குமமும் வைப்பேன், மறுநாள் அவரே எடுத்து வைத்துவிடுவார்.

“இந்த வருஷம் அது வேணாம் கலை. இதுங்க போதும்.”

ஏன் என்றதும் விசிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். எழுந்து போய் எடுக்க மூட்டு வலி போலிருக்கிறது. நானும் விட்டுவிட்டேன்.

19 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்கு அண்ணாகிராமத்திலிருந்து தம்பி இளவரசுவும் அவன் பெண்டாட்டி மங்கலமும் வந்திருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக, “அண்ணி, பீரோ சாவி குடுங்க, நகைய உள்ள வக்கணும்” என்றாள். கொடுத்தேன். கொடுக்க மனசில்லை. என் பீரோ சாவியை யார் கேட்டாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

28 அக்டோபர், செவ்வாய்

எனக்கு வந்த கோபம் எழுதினால்தான் அடங்கும்.

நூலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஸ்ரீமதியின் மச்சினர் பழைய நாணயம் சேர்ப்பவர். சென்னையில் நடக்கப்போகும் ஏலத்தின் பட்டியலை அவளுக்கு அனுப்பியிருந்தார். “தஞ்சாவூர் ஓவியம் எவ்வளவு அழகு பாருங்க கலைமணி” என்று போனை நீட்டினாள். கண்ணாடிக் கல் பதித்த கிருஷ்ணர், வெண்கலக் குத்துவிளக்கு, யாரோ ஜமீன்தாரின் வாள். தள்ளிக்கொண்டே போனேன். அப்புறம் மெடல்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது பொருள், என் அப்பா.

விளிம்பைக் கிட்டத்தில் படம் எடுத்திருக்கிறார்கள். எண், நாயக் என்ற பதவி, வைத்திலிங்கம் என்ற பெயர். அந்த எண்ணை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், எங்கள் வீட்டு எல்லா பென்ஷன் தாளிலும் இருப்பது அது. கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 1971 போரில் ஆற்றுப்பாலம் கட்டும்போது குண்டடிபட்டு வீரமரணமாம். பெயரெழுத்துகளின் குழிகளில் உறைந்த ரத்தத் தடயமாம். மஞ்சளாகப் படிந்திருப்பது காலத்தின் படிவாம். வாரிசுகள் எவரும் இல்லையாம்.

அட பாவிகளா! அது குங்குமம்டா! நான் வைத்த குங்குமம். மோதிர விரலில் எடுத்து அழுத்தி வைப்பேன், எழுத்துக்குள் இறங்கிவிடும், துணியால் துடைத்தாலும் வராது. அந்த மஞ்சள் என் சந்தனம். நாற்பது வருட ஆயுத பூஜையை ரத்தம் என்று எழுதி விற்கிறான். அதுகூடப் போகட்டும். வாரிசு இல்லையா? அப்போ நான் யார்? காலையில் நான் போட்டுக்கொடுத்த காபியைச் சர்க்கரை ஜாஸ்தி என்று திருப்பிக் கொடுத்தாரே, அவர் யார்?

அப்பாவிடம் சொல்லவில்லை. இதைக் கேட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

29 அக்டோபர், புதன்

பீரோவை முழுக்கக் கலைத்துப் பார்த்துவிட்டேன். மெடல் டப்பா இல்லை. அம்மாவின் கூறைப்புடவை இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, டப்பா மட்டும் இல்லை.

பீரோவைத் திறந்த வெளி ஆள் ஒருத்திதான்.

மங்கலத்துக்குப் போன் போட்டேன். நிதானமாகக் கேட்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். எங்கே நிதானம்? “நகைய வக்கறேன்னு வந்து மெடல எடுத்துட்டுப் போனியே, உனக்கு என்னா கொறைச்சல், திருடி” என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது நின்றுபோனது. நின்றதே அத்தாட்சி என்று நினைத்தேன்.

30 அக்டோபர், வியாழன்

இளவரசு: “இனிமே எங்க வீட்டுக்குப் போன் பண்ணாத க்கா.” பண்ணவில்லை, போ.

3 நவம்பர், திங்கள்

ஏல அலுவலகத்துக்குப் பேசினேன். செந்தமிழ்செல்வன் என்று ஒருவர். குரலில் வெண்ணெய் வழிகிறது.

“மேடம், பொருளக் குடுத்தவர் எழுதிக் குடுத்ததத்தான் நாங்க போடுறோம்.”

“எங்க அப்பா உயிரோட இருக்கார் சார்.”

“உங்க ஃபீலிங்ஸ் புரியுது மேடம். ஆனா அதுக்கு ஆதாரம் வேணுமே.”

உயிரோடு இருப்பதற்கு ஆதாரம்! ஐயா, அதில் எங்களை அடிக்க ஆளே இல்லை. வருடா வருடம் நவம்பர் வந்தால் மிஷினில் விரலை வைத்து நான் சாகவில்லை என்று சர்க்காருக்கே நிரூபிக்கிற மனிதர் அவர். அதைத்தான் அனுப்பப்போகிறேன். மெடல் யாரிடமிருந்து வந்தது என்றும் விடாமல் கேட்டிருக்கிறேன். மங்கலத்தின் பெயரை அவர் வாயாலேயே வரவழைக்காமல் ஓயமாட்டேன்.

4 நவம்பர், செவ்வாய்

தபால்காரர் வீட்டுக்கே மிஷினைக் கொண்டுவந்தார். அப்பாவின் விரல்ரேகை தேய்ந்துபோய் நாலாவது தடவைதான் பிடித்தது. “என்னா இந்த வருஷம் இவ்ளோ அவசரம்?” என்றார் அப்பா. மாதக் கடைசியில் கூட்டம் ஜாஸ்தி என்று பொய் சொன்னேன். உயிர்வாழ் சான்றைச் சென்னைக்கு அனுப்பிவிட்டேன். மேலே ஒரு வரி: வாரிசு, கலைமணி, வயது 52.

6 நவம்பர், வியாழன்

பதில் வந்துவிட்டது. பாண்டிச்சேரியில் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் கொடுத்தாராம். அவர் கடலூர் முதுநகரில் ஒரு காயலான்கடையில் வாங்கினாராம். கடைக்காரர் பெயர் இம்தியாஸ்.

மங்கலம் காயலான்கடை வரைக்கும் போயிருக்கிறாளா! சனிக்கிழமை லீவு. வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை.

8 நவம்பர், சனி

எப்படி எழுதுவது?

போனேன். கடை வாசலில் பழைய மின்விசிறிகள், சைக்கிள் ரிம், அட்டைக் கட்டுகள். இம்தியாஸ் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு டிரை சைக்கிளில் வரும் அதே மனுஷன்தான், பெயர்தான் எனக்குத் தெரியாது. எடுத்த எடுப்பிலேயே போலீஸ் என்று ஆரம்பித்தேன். திருட்டுச் சாமானை வாங்கினதுக்கு உள்ளே தள்ளுவேன் என்றேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அவர் உட்கார்ந்திருந்தது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி மேல். முகப்பில் வெள்ளைப் பெயிண்டில் அந்த எண். நாயக் வைத்திலிங்கம்.

“இதுவாக்கா?” என்றார். “போகி அன்னிக்கு நீங்கதான போட்டீங்க. நல்ல பொட்டியா இருக்கேன்னு நானே வச்சிக்கிட்டேன். ‘உள்ள நல்லாப் பாத்துட்டீங்களா’ன்னு ரெண்டு வாட்டி கேட்டேன். ‘பேப்பர்தான் இருக்கு, தூக்கிட்டுப் போப்பா, ரொம்பப் பேசாத’ன்னு சொன்னீங்க.”

சொன்னேன். அப்படியே சொன்னேன். மேலே இருந்த போர்வைகளை மட்டும் எடுத்தேன். அடியில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கிப் பார்க்கவில்லை. பீரோவில்தான் டப்பா இருக்கிறது என்று நாற்பது வருடமாக நானே நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவையாவது அவர் எங்கே வைக்கிறார் என்று பார்த்தேனா?

“பேப்பருக்கு அடியில ஒரு சின்ன டப்பா கெடந்துது. பழைய சாமான் எடுக்க மாசாமாசம் பாண்டியிலேர்ந்து வர்றவரு அள்ளிக்கிட்டுப் போன சாமானோட அதுவும் போயிடுச்சி. மெடலுன்னு தெரிஞ்சிருந்தா அல்லா சத்தியமா வீடு தேடி வந்து குடுத்திருப்பேன் க்கா.”

எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். டீ வரவழைத்தார். போலீஸ் என்று கத்தினவளுக்கு டீ. குடித்தேன், வேறென்ன செய்ய.

வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“பொங்கலுக்கு அண்ணாகிராமம் போயிட்டு வந்தேன் பாரு, பொட்டி எங்கன்னு கேட்டேன். போட்டுட்டேன்னு சொன்ன. அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏம்ப்பா சொல்லல?”

“சொன்னா நீ சோறு திம்பியா? போனது போச்சி.”

பத்து மாதம்! பத்து மாதம் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவர் மேல்கூடக் கோபம்தான் வந்தது. நீ சொல்லியிருந்தால் நான் மங்கலத்தை அப்படிக் கேட்டிருப்பேனா? இதையும் அவரிடமே கத்தினேன். அப்புறம் அழுதேன்.

“மங்கலத்த என்னா கேட்ட?” என்றார். சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. மெடல் போனதற்கு மாறாத முகம்.

9 நவம்பர், ஞாயிறு

முதல் பஸ்ஸில் பண்ருட்டி, அங்கிருந்து அண்ணாகிராமம். இளவரசு என்னைப் பார்த்ததும் கொல்லைப்பக்கம் போய்விட்டான். மங்கலம் முந்திரிக்கொட்டைக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. நான்தான் பெட்டியைப் போட்டேன், தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன். காலில் விழவும் தயாராகத்தான் போனேன்.

அவள் தலை நிமிரவில்லை. “திருடின்னு சொல்ல ஒரு நிமிஷம். மன்னிச்சிக்கன்னு சொல்லவும் ஒரு நிமிஷம்தானா அண்ணி?”

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். சாப்பிட்டேன். குழம்பை இரண்டாவது தடவை அவளே ஊற்றினாள்.

11 நவம்பர், செவ்வாய்

அப்பாவிடம் பட்டியலைப் படித்துக் காட்டினேன். வீரமரணம் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். ரத்தம் என்றதும் கோபம் வந்துவிட்டது.

“அந்தச் சண்டையில எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வரலம்மா. மலேரியாதான் வந்துச்சி. செத்தவன் எம் பக்கத்துல நின்னவன். அவன் ரத்தத்த எம் பேர்ல எழுதுவானுங்களா? மெடல விக்கட்டும். பொய்ய விக்கக் கூடாது. எழுது.”

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வைத்திலிங்கம் உயிரோடிருக்கிறார். சிவப்பு குங்குமம், மஞ்சள் சந்தனம், வைத்தது மகள், பெட்டியோடு தெரியாமல் தூக்கிப் போட்டதும் அவளே. கீழே கையெழுத்துப் போட்டார். திருத்தாவிட்டால் பத்திரிகைக்குப் போவேன் என்று என் பங்குக்கு நான் ஒரு வரி சேர்த்தேன்.

13 நவம்பர், வியாழன்

திருத்திவிட்டார்கள்! ஆனால் மெடலைத் திருப்பித் தரமாட்டார்களாம். நாமேதான் போட்டோம் என்று நாமே ஒப்புக்கொண்டோமாம். ஏலத்தில் கேளுங்கள் என்கிறார் வெண்ணெய்க் குரல். எங்கள் சொத்தை நாங்களே ஏலம் கேட்க வேண்டும்! அப்பா கேட்கவே கூடாது என்றுவிட்டார்.

15 நவம்பர், சனி

போனில் நேரலையாகப் பார்த்தோம். தஞ்சாவூர் கிருஷ்ணருக்கு அடிதடி. இருநூற்றுப் பதினொன்று, யாரோ ஒரு சுபேதார், உண்மையாகவே செத்தவர், அவருக்கும் கைகள் சடசடவென்று உயர்ந்தன. அடுத்தது அப்பா. திருத்திய குறிப்பை ஒரு பெண் இங்கிலீஷில் வாசித்தாள். உயிரோடிருக்கிறார். குங்குமம்.

ஒரு கை உயரவில்லை. ஒருத்தன்கூட. விலையைக் குறைத்துக் கேட்டாள், அப்பவும் இல்லை. அடுத்த பொருளுக்குப் போய்விட்டாள்.

போன வாரம் வரை இதே மெடலை நாலு பேர் விசாரித்தார்களாம், செந்தமிழ்செல்வனே சொன்னார். இந்த மனிதர் ஆற்றில் இறங்கி மூன்று பேரை இழுத்துக் கரை சேர்த்தது செத்தால்தான் செல்லுமா? ஊருக்குத் திரும்பி வந்து, இருபது வருடம் சிப்காட் கேட்டில் நின்று எங்களைப் படிக்கவைத்தது குற்றமா? போனைத் தூக்கி எறியப் பார்த்தேன். அப்பா கையைப் பிடித்தார்.

“பரவால்ல கலை. உயிரோட இருக்கறதுக்கு இந்த நஷ்டம் தாங்கலாம்.”

எனக்குத் தாங்கவில்லை.

23 நவம்பர், ஞாயிறு

மங்கலம் வந்தாள். தனியாக, மூன்று பஸ் மாறி. என்னைத் தாண்டி நேராக அப்பாவிடம் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்து டப்பாவை அவர் கையில் வைத்தாள். ஏலத்தில் போகாத பொருள் பாண்டிச்சேரிக்கே திரும்பிவிட்டது. இவள் அந்தக் கடையைத் தேடிக் கண்டுபிடித்துப் போயிருக்கிறாள்.

“முந்திரி யாவாரிகிட்ட பேசறவ நான். ‘உயிரோட இருக்கறவரு மெடலு, ஏலத்துலயே ஒருத்தன் சீந்தல, இத வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போற’ன்னு கேட்டேன் மாமா. குடுத்துட்டான்.”

அப்பா விளிம்பைத் தடவிப் பார்த்தார். குங்குமம் அப்படியே இருந்தது. என்னிடம் யாரும் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே போய் மங்கலத்துக்குக் காபி போட்டேன். சர்க்கரை ஜாஸ்தியாகிவிட்டது. திருப்பிக் கொடுக்காமல் குடித்தாள்.

14 ஜனவரி 2026, புதன்

போகி. பொங்கலுக்கு எல்லோரும் இங்கேதான். காலையில் இம்தியாஸ் வாசலில் மணி அடித்தார். டிரை சைக்கிளில் அந்தக் கறுப்புப் பெட்டி, துரு சுரண்டி, எண்ணெய் போட்டு.

“எங்க வாப்பாதான் திட்டினாரு, பொட்டியக் குடுத்துட்டு வாடான்னு. பதிலுக்கு ஏதாவது பழசு இருக்காக்கா?”

“எனக்குத் தெரியாதுப்பா. அவளக் கேளு.”

மங்கலம் கோலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, “உள்ள வாங்க பாய், ஒவ்வொண்ணா பாத்துத்தான் போடுவேன்” என்றாள்.