இடது காலில் மட்டும்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மதியம் காற்று திரும்பியதும் பக்கத்து டேனரியில் தோல் ஊறும் நாற்றம் எங்கள் ஷூ கம்பெனி கேன்டீன் வரை. சாம்பார் ருசியே தெரியவில்லை. ஒருவிதத்தில் நல்லது.

லைனை இரண்டு மணி நேரம் நிறுத்தினார்கள். அதிசயம்! காரணம்: ‘வேலையில் மகிழ்ச்சி’ பயிற்சி. சென்னையிலிருந்து ஒரு மேடம், கஞ்சி போட்ட காட்டன் புடவை. எல்லோருக்கும் ஒரு நோட்டு. அதுதான் இது. அன்றன்றைக்கு வேலையில் எது சந்தோஷம் தந்தது என்று எழுத வேண்டுமாம். “யாருக்கும் காட்ட வேணாம்மா, உங்களுக்காக மட்டும்.” இனாமாக வந்த நோட்டு, எழுதித்தான் பார்ப்போம்.

பிறகு இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, மனசில் இருப்பதைச் சொல்லச் சொன்னார். எனக்கு மெர்சி. பதினோரு வருஷமாகக் கம்பெனி பஸ்ஸிலும் பசை மேசையிலும் அவள் என் பக்கத்து இடம். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

எங்கள் வேலை, லேடீஸ் ஷூவுக்குள் பாதம் படும் இடத்தில் மெல்லிய உள்தோல் ஒட்டுவது. ஒட்டுவதற்கு முன்னால், தினம் ஒரே ஒரு ஜோடியில், இடது காலில் மட்டும், பென்சிலால் ‘நலமா?’ என்று எழுதுவேன். தோல் ஒட்டியதும் மறைந்துவிடும். ஜெர்மனியில் யாரோ ஒருத்தி அதன்மேல் கால் வைத்துக் கடைக்குப் போவாள். அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாலு வருஷமாக இப்படி. மறுநாள் பஸ் ஏறத் தோன்றுவதே அதனால்தான்.

மெர்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அடியேய், ஜெர்மன்காரிக்கு தமிழ் இன்னா தெரியும்?”

“அவ பாக்கவே போறதில்ல. அப்புறம் இன்னாத்துக்கு தெரியணும்?”

“அது ஏன் இடது?”

“நான் இடது கைக்காரியாச்சே.”

சொன்ன பிறகு உடம்பே லேசான மாதிரி. மேடம் கெட்டிக்காரிதான்.

ஜூலை 8, செவ்வாய்

பஸ் லேட். டிபன் பாக்ஸ் மூடி தொலைந்தது. கறுப்பு ஷூ, சைஸ் 40. எழுதினேன். மகிழ்ச்சி: அதுவே.

ஜூலை 10, வியாழன்

மெர்சிக்குப் பிறந்தநாள். அவள் அண்ணன் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா அனுப்பியிருந்தார். மேசைக்கே விருந்து. என் பங்கு ஒன்றரை (அரை திருட்டு).

“இன்னிக்கு நானும் எழுதறேன், பென்சில குடுடி” என்றாள். ஒயின் கலர், சைஸ் 38. இடதில் நான்: நலமா? வலதில் அவள்: நலம். மெர்சி.

பேரைப் போடாதே என்றேன். “இருக்கட்டும்டி, நம்ம பேராவது பிளேன் ஏறட்டும்.” கப்பலில் போகிறது என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு. உள்தோலை ஒட்டி மூடுவதற்குள் வயிறு வலித்துவிட்டது.

இன்றைக்கு முடித்த லாட் மொத்தமும் நாளைக்கே கன்டெய்னர் ஏறுகிறது.

ஜூலை 12, சனி

கஸ்தூரி அக்கா வேலையை விட்டுப் போகிறார். சூப்பர்வைசர் இடம் காலி. இரண்டே பெயர்: நான், மெர்சி. மேனேஜர் தனித்தனியாகக் கூப்பிட்டார்.

“மெர்சி எப்படிம்மா?” என்று என்னைக் கேட்டார். “என்னவிட வேகம் சார். அவளுக்கே குடுத்தாலும் எனக்கு சந்தோஷந்தான்.” பொய் இல்லை. ஆசையும் இல்லாமல் இல்லை.

நான் உள்ளே இருந்தது ஐந்து நிமிஷம். அவள் இருபது.

“இன்னா கேட்டாரு?”

“உன்ன கேட்டதுதான்.” பஸ்ஸில் மாதனூர் வரை தூங்கினாள். தூங்கியது போல்தான் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

கோயில் முடிந்து வேலூர். லாங் பஜாரில் கால் வைக்க இடமில்லை. வாங்கியது: உளுந்து, புளி, டிபன் பாக்ஸ், பென்சில் ஒரு டஜன். “ஸ்கூல் பசங்களுக்கா யக்கா?” என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

இன்றைக்கு எழுத்து கோணல்.

பத்து மணிக்கு மேனேஜர் ரூம். “ஏம்மா, நாலு வருஷமா ஷூக்குள்ள எழுதிட்டு இருக்கீங்களாமே?”

முதலில் இந்த நோட்டைத்தான் சந்தேகப்பட்டேன். இது வீட்டு பீரோவை விட்டு நகரவே இல்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவரே சொன்னார்: “தினம் ஒரு ஜோடி. அதுவும் இடது கால்ல மட்டும்.”

இடது கால் விஷயம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அதில் ஒருத்தி நான்.

மெமோவில் கையெழுத்து வாங்கினார்கள். வியாழன் முதல் அட்டைப்பெட்டி மடிக்கும் பக்கம் போக வேண்டும். வெளியே வந்தால் நோட்டீஸ் போர்டு. சூப்பர்வைசர்: மெர்சி.

எல்லோரும் கைகொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

ஜூலை 15, செவ்வாய்

கை கழுவும் குழாயடியில் மெர்சியைப் பிடித்தேன்.

“அவராத்தான் கேட்டாரு ஷீலா. மேசைல எதுனா தப்பு நடக்குதான்னு. பொய் சொல்லணுமா நானு?”

“தப்பாடி அது?”

மறுபடியும் கைக்குச் சோப்புப் போட்டாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“உனக்கு அந்த எடம் வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வுட்டுக் குடுத்திருப்பேனே.”

“அதாண்டி பேஜாரு. எப்பவும் நீ குடுக்கணும், நான் வாங்கிக்கணும்.”

குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள். பதினோரு வருஷம் அவளுக்குச் சீட் பிடித்து வைத்தேனே, அதையும் சேர்த்துத்தான் சொன்னாளா? அந்த மேடம் மட்டும் இன்றைக்குக் கண்ணில் பட்டால், மகிழ்ச்சி எது என்று நான் பாடம் எடுப்பேன்.

ஜூலை 16, புதன்

மழை வருவது போல் இருண்டு, ஏமாற்றிவிட்டது.

வியாழக்கிழமை லாட் போகவே இல்லை! அட்டைப்பெட்டி லேபிளில் தப்பு, கன்டெய்னரைத் திருப்பிவிட்டார்களாம். எல்லாம் குடோனில். மேனேஜர் உத்தரவு: நான் ஒவ்வொரு ஜோடியாகப் பிரிக்க வேண்டும், மெர்சி பக்கத்தில் நின்று குறிக்க வேண்டும். “இடது கால் மட்டும் தூக்கிப் பாத்தா போதும்.” அவள் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். லாட் கடல் ஏறிவிட்டது என்று நம்பித்தானே வாயைத் திறந்திருப்பாள்.

மதியம் மூன்று இருக்கும். ஒயின் கலர், 38. இடது உள்தோலைத் தூக்கினேன். நலமா?

வலது ஷூவும் என் மடியில்தான். மேனேஜர் பத்தடி தள்ளி, போனில். விரல் அரித்தது. ஒரு இழுப்புதான். அவள் கையெழுத்து, அவள் பெயர், அவள் பிறந்தநாள்.

குனிந்து, என் காதுக்கு மட்டும் சொன்னாள்: “வலது வேணாம். சாரு இடதுதான் சொன்னாரு.”

ஷீலா என்றுகூடச் சொல்லவில்லை. மன்னிச்சிடு என்றும் சொல்லவில்லை.

ரப்பர் எடுத்து என் எழுத்தை அழித்தேன். பசை தடவி ஒட்டினேன். வலதைத் தொடவில்லை. அவளுக்காக இல்லை. அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தது நானும்தான். அதையும் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைக்க மனசு வரவில்லை.

ஆக, கேட்டது அழிந்தது. பதில் மட்டும் ஜெர்மனி போகிறது.

ஜூலை 17, வியாழன்

காலை பஸ். இன்று முதல் பெட்டி மடிப்பு. பள்ளிகொண்டாவில் ஏறியதும் பையைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டேன், பழக்க தோஷம். மாதனூரில் மெர்சி ஏறினாள். பையைப் பார்த்தாள். சூப்பர்வைசர்கள் உட்காரும் முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

ஆம்பூர் வரை யார் யாரோ நின்றுகொண்டு வந்தார்கள். “யக்கா, ஆள் வருதா?” என்று ஒருத்தி கேட்டாள்.

வருது என்றேன்.